ஹீட்டருக்குள் கிடந்த மஞ்சள்

அப்பு,

இந்த வாரத்தில் மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன். முதல் தடவை கல்யாண மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது தடவை உன் சட்டை அளவு கேட்டேன். மூன்றாவது தடவையும் சட்டை அளவையே கேட்டபோது, "முந்தாநாள்தானப்பா சொன்னேன்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு. வாயில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ரேடியேட்டர் கடைக்காரன் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. படித்து முடித்ததும் ஒளித்து வைக்க வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப் போகிற சுகந்தியிடம் கொடு, உன் அறையில் தங்கியிருக்கிற சிநேகிதர்களிடம் கொடு, யார் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. உன்னைத் திட்டியபோது நாலு பேர் முன்னால்தான் திட்டினேன். இதையும் நாலு பேர் பார்க்கட்டும். விஷயம் இதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் போடிமெட்டு இறக்கத்தில் நம் கார் மோதி உன் அம்மாவின் கை உடைந்ததே, அது உன் தப்பு இல்லை. என் தப்பு. அது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் சுகந்தி தன் அப்பாவின் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு எஸ்டேட்டிலிருந்து கடைக்கு வந்தாள். தண்ணீர் கொதிக்கிறது என்றாள். பார்த்தால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, அவ்வளவுதான். மாற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்த நம் பச்சைக் காரைப் பார்த்துவிட்டாள். தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "எந்தா மாமா, இத்தன நல்ல வண்டிய மூடிப் போட்டிருக்கீங்க? இது ஓடுமா?" என்று கேட்டாள். சந்தைக்கும் பக்கத்துத் தேவாரம் ஊருக்கும் போய் வரும், மலை ஏற்றுவதில்லை என்றேன். "மறுவீட்டுக்கு நாங்க இதுலதான் மேல போவோம். நீங்க ரெடி பண்ணுங்க மாமா" என்று கட்டளையே போட்டுவிட்டாள். அப்புறம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாவியைத் திருகப் போனவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஆமா மாமா, அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாதாமே? ரேடியேட்டர் கடைக்காரரு மகனுக்கா?"

பதினெட்டு வயசில் லைசென்ஸ் எடுத்து, இருபது வயசில் குரங்கணி மலை ரோட்டில் லோடு ஜீப்பையே ரிவர்ஸில் இறக்கிக் காட்டியவன் நீ. அதைப் பார்த்துவிட்டு வந்து ஜீப்பு டிரைவர்கள் என்னிடம் பெருமையாகச் சொல்வார்கள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் ஓட்டத் தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் போட்டு மறுவீட்டுக் காரைப் பற்றிச் சொன்னபோது, "ஒரு டிரைவரப் போட்டுக்கங்கப்பா" என்றாய். குரலில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. ஏழு வருடமாக உன் குரல் என்னிடம் அப்படித்தான் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கல்யாண வேலையில் இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மருமகள் கேட்டபடி காரை மலைக்குத் தயார் பண்ண உட்கார்ந்தேன்.

அந்தக் கார் நமக்கு வந்த கதை உனக்குத் தெரியும். மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி வைத்திருந்தது. அவர் மலைக்குளிருக்காக உள்ளே ஹீட்டர் வைத்து ஓட்டினார். நம் ஊர் வெயிலில் காருக்குள் ஹீட்டர் என்று சொன்னால் வழித்துக்கொண்டு சிரிப்பார்கள். வாங்கின புதிதில் உன் மாமன்கூட, "மச்சான், இந்தச் சுவிச்சத் தெரியாமப் போட்டுட்டா இட்டிலி வெந்துருமா?" என்று கேட்டார். ஆனால் அது குளிருக்கு மட்டும் உள்ள சாமான் இல்லை. எஞ்சினில் சுடுகிற தண்ணீர் ஒரு ரப்பர் ஓஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குள் போய், இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்பி வரும். அந்தக் குட்டி ரேடியேட்டரைத்தான் ஹீட்டர் கோர் என்கிறோம். சின்ன ஃபேன் ஒன்று அதன் மேல் காற்றை ஊதும். அந்தச் சூடான காற்று கண்ணாடியில் பட்டால்தான் உள்பக்கம் படிகிற ஆவி கலையும். மழையிலும் மூடுபனியிலும் மலை ரோட்டில் அது இல்லாவிட்டால் டிரைவருக்குக் கண் இல்லை. நீயும் இதெல்லாம் படித்தவன்தான். இருந்தாலும் சுகந்தி படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஐப்பசியில் கல்யாணம். மேலே பனி மூட்டமாகத்தான் இருக்கும். அதனால் பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டு ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் குளிர் காற்றுதான் வந்தது. போகிற ஓஸைத் தொட்டேன், சுட்டது. வருகிற ஓஸைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. உள்ளே அடைத்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீரை வடித்து, டேஷ்போர்டைக் கழற்றி, கோரை வெளியே எடுத்து, குழாய்கள் போய்ச் சேருகிற ஒரு பக்கத் தொட்டியை நெருப்புக் காட்டி ஈயத்தை உருக்கித் திறந்தேன். உள்ளே இருக்கிற குழாய்கள் எல்லாம் கெட்டியாக அடைத்துக் கிடந்தன. துருச்சேறுதான், செங்கல் நிறம். நகத்தால் கீறினேன். அடியில் மஞ்சளாக இருந்தது. துணியில் தேய்த்தேன், துணியில் மஞ்சள் பிடித்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள்தூள் கதை சுகந்திக்கும் தெரிந்திருக்கும், ஜீப்பு ஓட்டுகிறவளுக்குத் தெரியாமல் இருக்காது. ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் நம் டிரைவர்கள் ஒரு கை மஞ்சள்தூளைத் தண்ணீரோடு ஊற்றிவிடுவார்கள். தூள் ஊறி உப்பி ஓட்டையில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு வண்டி ஓடிவிடும். ஆனால் அந்தத் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. எங்கே குழாய் சன்னமோ, எங்கே தண்ணீர் மெதுவாகப் போகுமோ அங்கெல்லாம் படியும். முப்பது வருடமாக நான் இதைச் சொல்லி டிரைவர்களை வைதுகொண்டிருக்கிறேன். "மஞ்சத்தூளு மிச்சமிருந்தா வீட்ல கொழம்பு வைக்கச் சொல்லுங்கடா, என் கடைக்குக் கொண்டுவராதீங்க" என்று கத்துவேன். ஜீப்பு ஓட்டுகிற பாண்டியை நான் வைத வசவு தெருவே கேட்டிருக்கும். அப்படிப்பட்ட நான்தான் நம் காரில் மஞ்சள்தூளைக் கொட்டினேன்.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஆனி மாதம், மேலே நல்ல மழை. உன் சித்திக்கு எஸ்டேட்டில் வளைகாப்பு. அம்மா பத்து நாளாகவே சீர்த்தட்டு, வளையல், பலகாரம் என்று பறந்துகொண்டிருந்தாள். காலையில் கிளம்பப் போகிற நேரத்தில் ரேடியேட்டருக்கு அடியில் தரையில் ஈரம் பார்த்தேன். கழற்றி ஈயம் வைக்க அரை நாள் வேண்டும். கடை வாசலில் நாலு ஜீப்பு நின்றது, அத்தனையும் மலைக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. ஒரு ஜீப்பைத் தள்ளி வைத்திருந்தால் போதும். யாரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள். ஆனால் ஊர் வண்டி என்றால் பயபக்தியாகப் பார்ப்பேன், சொந்த வண்டி என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அதுதான் என் புத்தி. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தேன். டிரைவர்கள் ஒரு கை போடுவார்கள். நான் தொழில் தெரிந்தவன் இல்லையா, மலை ஏற வேண்டுமே, நன்றாக அடைக்கட்டும் என்று பாதி டப்பாவைக் கவிழ்த்தேன். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன், ஒழுகல் நின்றது. "எல்லாம் சரி பண்ணிட்டேன், வெரசாக் கெளம்புங்க" என்று சொல்லிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் கடையில் நின்றுவிட்டேன்.

மேலே என்ன நடந்தது என்பதை நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சாயங்காலம் திரும்பி வரும்போது மழை, மூடுபனி. கண்ணாடியை இறக்க முடியவில்லை. உள்ளே அம்மா, சித்தியின் மாமியார், ரெண்டு பிள்ளைகள், எல்லார் துணியும் ஈரம். நீ ஹீட்டரைப் போட்டாய். போடிமெட்டு தாண்டி இறங்கும்போது முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அம்மா முன்சீட்டிலிருந்து குனிந்து துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். வளைவில் எதிரே லாரி வெளிச்சம் தெரிந்ததும் நீ மலைப்பக்கமாக ஒடித்தாய், கார் சுவரில் மோதியது. துடைக்கிறதற்காகக் குனிந்திருந்த அம்மாவின் இடது கை டேஷ்போர்டில் மாட்டி மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பின்னால் ஜீப்பில் வந்த பாண்டிதான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மாமன் இருந்தார், பாண்டி இருந்தான், இன்னும் யார் யாரோ இருந்தார்கள். நீ என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "ஹீட்டரப் போட்டேன்ப்பா, குளிர் காத்துதான் வந்துச்சு" என்றாய். அதுதான் நீ சொன்ன முதல் வார்த்தை. ஏழு வருடத்தில் எனக்கு அது எத்தனையோ தடவை ஞாபகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சாக்குச் சொன்னான் என்றே நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் அதையேதான் கத்தினேன். "சாக்கா சொல்ற? கண்ண எங்கடா வச்சுக்கிட்டு ஓட்டுன? பெத்தவளக் கொல்லப் பாத்திருக்கியேடா! ஒங்கிட்டச் சாவியக் குடுத்தேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும்" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நீ பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் அம்மா கட்டிலருகே நின்றுகொண்டாய். பெத்தவளைக் கொல்லப் பார்த்தாய் என்ற அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மாதத்தில் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாய். நொறுங்கின முன்பக்கத்துக்குப் புது ரேடியேட்டர் போட்டேன், பம்பர் மாற்றினேன். ஹீட்டரை மட்டும் திறந்து பார்க்கவில்லை. நீ சொன்னதை நம்பியிருந்தால் அன்றைக்கே திறந்திருப்பேன்.

போன வாரம் கையில் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தேன் என்றேனே, அதற்கு அப்புறம் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் பாண்டியின் ஜீப்பு வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் சட்டென்று எழுந்து குழாயைத் திறந்து அந்தச் சேற்றைச் சாக்கடையில் கழுவிவிட்டேன். துணியைச் சுருட்டிக் கழிவு டப்பாவில் போட்டேன். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப் போவதுமில்லை. ஹீட்டரைச் சரி பண்ணிவிட்டால் கார் மலை ஏறும், கல்யாணம் நடக்கும், எல்லாம் நல்லபடியாகப் போகும் என்றுதான் என் மனசு முதலில் கணக்குப் போட்டது. வயசு அறுபதாகிறது, அப்பு. இத்தனை வயசுக்கு மேலும் தப்பை மறைக்கக் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. பாண்டி டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, "என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி இருக்கீக?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மூன்று நாள் அந்தக் கோரில் வேலை பார்த்தேன். சாதாரணமாக ஒரு நாள் வேலை. மெல்லிய எஃகுத் தகட்டை ஒவ்வொரு குழாயிலும் விட்டு விட்டு இழுத்துச் சுத்தம் பண்ணினேன். அவசரப்பட்டுக் குத்தினால் பித்தளைக் குழாய் கிழிந்துவிடும். இரண்டு குழாய் ஏற்கெனவே அரித்துப்போயிருந்தது, அதை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்தேன். ஓஸ் மாட்டுகிற கழுத்துதான் எப்போதும் முதலில் விட்டுப்போகும். ஆட்கள் கிளிப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கி அதை நசுக்கிவிடுவார்கள், மலை ரோட்டு ஆட்டத்தில் அங்கேயே விரிசல் வரும். அந்தக் கழுத்துக்குள் கெட்டிப் பித்தளையில் ஒரு வளையம் செய்து பற்றவைத்தேன். ரெண்டு பக்கத் தொட்டியையும் பிடித்துக்கொள்கிற மாதிரி ஓரத்தில் பட்டை கொடுத்தேன். ஓஸின் கனம் கழுத்தில் தொங்காமல் பாடியில் ஒரு பிடி வைத்தேன். அடியில் ரப்பர் மெத்தை. ஈயத்தை அள்ளிப் பூசவில்லை, தேவையான இடத்தில் மட்டும் ஓடவிட்டேன். பார்வைக்குப் பலமாகத் தெரியும் என்று நிறைய ஈயம் வைக்கிறவர்கள் உண்டு, அது குழாய் வாயைத்தான் அடைக்கும். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றுக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் சன்னமாகக் குமிழி வந்தது. எடுத்துச் சூடு காட்டி மறுபடி ஈயம் வைத்து முக்கினேன். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அரை மணி நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு குமிழி வரவில்லை. வேலை முடிந்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. இதை அன்றைக்குச் செய்திருக்க வேண்டும் என்ற நினைப்புதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை மலைக்கு எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அம்மா, "நானும் வர்றேன்" என்றாள். அந்தக் காரில் அவள் ஏழு வருடமாக ஏறவில்லை. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, முன்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழேயே பனி இறங்கிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். இறங்கும்போது தூறல், கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே ஆவி படிய ஆரம்பித்தது. ஹீட்டரைப் போட்டேன். கதகதவென்று காற்று வந்தது. அடியிலிருந்து கண்ணாடி மெதுவாகத் தெளிந்து, கொஞ்ச நேரத்தில் ரோடு, சுவர், வெள்ளைக் கோடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்த வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள். "இந்த எடமா? அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள்தூள் டப்பாவிலிருந்து சாக்கடையில் கழுவினது வரைக்கும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் வைவாள் என்று நினைத்தேன். முழுசாக மடங்காத அந்த இடது கையை மடியில் வைத்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி பிழிய முடியாமல் அவள் முழங்கையில் சுற்றிப் பிழிவதை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உன்மேல்தான் எனக்குக் கோபம் வரும். கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் அன்னைக்குச் சொன்னானேங்க, குளுந்த காத்து வருதுன்னு. நீங்க ஏன் போய்ப் பாக்கல?" பிறகு அவளே மேலே சொன்னாள். "என் கையி எப்பவோ கூடிருச்சு, அது கெடக்கட்டும். பெத்தவளக் கொல்லப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டே எம்புள்ள மெட்ராஸ்ல பஸ்சுக்கு நின்னுக்கிட்டு இருக்கான். அவங்கிட்டச் சொல்லுங்க. தாலி கட்டுறதுக்கு முன்னாடி சொல்லுங்க." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அன்றைக்கு அந்த வராந்தாவில் இருந்தவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலில் பாண்டியைக் கடைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டதும் சிரித்துவிட்டான். "ஒரு கை மஞ்சளுக்கு எங்கள என்னா பேச்சுப் பேசுவீக! நீங்க அரை டப்பாவக் கவுத்திருக்கீக" என்றான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணே, அன்னைக்கு ஜீப்புல வரும்போது தம்பி அம்மா கையத் தாங்கிப் புடிச்சுக்கிட்டே வந்தான். நடுங்கிக்கிட்டு இருந்தான். வந்து எறங்குனதும் நீங்க அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கு அப்பவே மனசுக்கு ஒப்பல, பெரியவுக பேசும்போது என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றான். மறுநாள் பஸ்சேறி ராசிங்காபுரம் போய் உன் மாமனிடம் சொன்னேன். அவர் களத்தில் நின்றுகொண்டிருந்தார். "இதச் சொல்லவா மச்சான் வேகாத வெயில்ல வந்தீக, போன்ல சொல்லியிருக்கலாமே" என்றார். போனில் சொல்லியிருந்தால் அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டியதில்லை, அதனால்தான் நேரில் போனேன். நீ போன பிறகு விசேஷங்களில் அவர் உன்னைப் பற்றி, "அவன் அவசரக்காரன்" என்று சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன். அதையும் அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். ஹீட்டரையும் குடும்பத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசிவிடுவேனோ என்று பயப்படாதே, அந்த அளவுக்கு எனக்கு வராது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், நான் செய்யாததையே சொல்கிறேன். சுகந்தி ஏதாவது ஒன்று சரியில்லை என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார். அது அடுப்பாக இருக்கலாம், அவள் உடம்பாக இருக்கலாம், நீ பேசின பேச்சாக இருக்கலாம். பார்த்துவிட்டு வந்து அவள் சொன்னது தப்பென்று சொல், பரவாயில்லை. பார்க்காமல் சொல்லாதே. நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்து அது வந்து ஏதாவது சொன்னாலும் இப்படித்தான். எனக்கு முப்பது வருடத் தொழில், யார் வண்டி வந்தாலும் திறந்து பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் பிள்ளை சொன்னபோது மட்டும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஓட்டத் தெரியாது என்கிற பொய்யையும் அவளிடம் நீயே சரி பண்ணிக்கொள். அந்தப் பொய்யை உன்னைச் சொல்ல வைத்தது நான்தான் என்று வேண்டுமானால் சொல், அது உண்மை.

மறுவீட்டுக்கு நீ ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுகந்தி ஓட்டட்டும், பாண்டி ஓட்டட்டும், பஸ்சிலேயே போங்கள், உன் இஷ்டம். காரைத் திரும்ப ஓட்டினால்தான் என்னை மன்னித்தாய் என்று நான் எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். கை கூப்பி மன்னிப்புக் கேட்கிறேன், அப்பு. தகப்பன் பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏன், கையி ஒடஞ்சா போயிரும்?" என்றாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி போன் பண்ணி, "விடுங்கப்பா, அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை எத்தனை மிச்சமிருக்கிறது என்று கேட்பாய். அப்படிச் செய்யாதே. அந்த வராந்தாவில் நான் அத்தனை பேச்சுப் பேசியும் நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வருடமாகச் சொல்லவில்லை. மனசுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. அதையெல்லாம் சொல். கோபமாகவே சொல், கெட்ட வார்த்தை வந்தாலும் வரட்டும். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், அவளும் கேட்கட்டும். நீ நிறுத்துகிற வரைக்கும் நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அப்பா